ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்கவும்

நவம்பர் 3, திங்கள்

இந்த நாட்குறிப்பு என் யோசனை அல்ல. வானிலை முன்னறிவிப்பு என்ன சொன்னது, வானம் உண்மையில் என்ன செய்தது என்று தினமும் இரண்டையும் எழுதிவரச் சொல்லியிருக்கிறான் என் பயிற்சியாளன் செல்வின். நாகர்கோவில்காரன். அவனுக்கு வயது இருபத்தைந்து, எனக்கு முப்பத்து நான்கு. தரையில் என்னை அக்கா என்பான். மற்ற மாணவர்கள் இருந்தால் நான் அவனை சார் என்பேன். விமானத்தில் ஏறிவிட்டால் இருவருமே மரியாதையைக் கீழே விட்டுவிட்டுத்தான் போவோம்.

நான் ஜெயராணி. விருதுநகரில் எங்கள் மருந்துக்கடையில் உட்கார்ந்து பதினொரு வருடம் டாக்டர்களின் கையெழுத்தைப் படித்தவள். அதற்குமேல் தாங்காமல் விமானி ஆகக் கிளம்பினேன். கடையை இப்போது என் கணவர் ராஜகனி பார்த்துக்கொள்கிறார். வணிக விமானி உரிமத்துக்கு என்னிடம் எல்லாம் தயார், ஒன்றைத் தவிர. முந்நூறு கடல் மைலுக்கு மேல் தன்னந்தனியாக ஒரு பயணம் போய்வர வேண்டும். எங்கள் பயிற்சிப் பள்ளி இருக்கும் கீழக்கோட்டை ஓடுதளத்திலிருந்து தூத்துக்குடி, அங்கிருந்து சேலம், அங்கிருந்து திரும்ப இங்கே.

நான் எழுதித் தேறிய தேர்வுகள் இந்த மாதம் முப்பதாம் தேதியோடு காலாவதி. அதற்குள் இந்தப் பயணத்தை முடிக்காவிட்டால் எல்லாத் தேர்வையும் முதலிலிருந்து எழுத வேண்டும். ஒரே ஒரு நல்ல காலை கிடைத்தால் போதும். ஆனால் மாதம் நவம்பர், இடம் தமிழ்நாடு. வடகிழக்குப் பருவமழைக்கு என் காலாவதித் தேதி பற்றி யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

முன்னறிவிப்பு: மழை. பெய்தது: மழை.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. துணி காயவில்லை. ஈரச் சீருடையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

நவம்பர் 6, வியாழன்

விமானம் என்றால் சாவியைத் திருகிக் கிளம்பிவிடலாம் என்று ராஜகனி இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். நேற்று போனில் அரை மணி நேரம் விளக்கினேன்.

காலை ஐந்து மணிக்குப் பெரிய விமான நிலையத்தில் உள்ள தகவல் மையத்தைக் கூப்பிட வேண்டும். அங்கே வாசுகி என்று ஓர் அதிகாரி. நான் பார்த்ததில்லை, குரலை வைத்துச் சொன்னால் என் வயதுதான் இருக்கும். நான் வைத்திருக்கும் பெயர் அறிக்கை அம்மாள். காற்று எந்தப் பக்கம், எத்தனை கிலோமீட்டர் வரை கண்ணுக்குத் தெரியும், மேகம் எவ்வளவு என்று மூச்சு விடாமல் வாசிப்பார். வானத்தைத் தோசை போல எட்டுப் பங்காக வைத்துக்கொண்டு அதில் எத்தனை பங்கு மேகம் என்று சொல்வார்கள். எட்டில் இரண்டு என்றால் கிளம்பலாம். எட்டில் ஏழு என்றால் போர்த்திக்கொண்டு படுக்கலாம்.

பிறகு பயணத் திட்டப் படிவம். எந்த விமானம், என்ன வேகம், எந்த வழி, எத்தனை மணி நேரத்துக்கு எரிபொருள், எத்தனை உயிர் என்று எல்லாம் எழுத வேண்டும். அதைப் பார்த்துவிட்டு, எதிரி விமானம் என்று நினைத்துச் சுட்டுவிடாமல் இருக்க விமானப்படை ஓர் எண் தரும். தகவல் மையம் இன்னோர் எண் தரும். இந்த இரண்டு எண்ணும் இல்லாமல் சக்கரம் உருளக்கூடாது. என் கல்யாணத்துக்குக்கூட இத்தனை பேரிடம் சம்மதம் கேட்கவில்லை.

இதில் இன்னொரு கூத்து, படிவத்தில் நேரத்தை நம் கடிகாரப்படி எழுதக்கூடாது. உலகத்து விமானிகள் எல்லோருக்கும் லண்டன் பக்கத்து கிரீன்விச் நேரம்தான். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்து எழுத வேண்டும். அதற்காகவே எங்கள் சுவரில் இரண்டு கடிகாரம் தொங்குகிறது.

இன்று எட்டில் எட்டு. ஒருவேளை ஒன்பது மணிக்குத் தெளிந்தால் ஆகட்டும் என்று திட்டத்தை அனுப்பி வைத்தேன். படிவத்தில் ஒரு தவறும் இல்லை. ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்று அறிக்கை அம்மாளே பாராட்டினார். பதினொரு மணி வரை மழை. ரத்து.

நவம்பர் 9, ஞாயிறு

எட்டில் இரண்டு. கண்ணாடி மாதிரி வானம்.

போக முடியவில்லை. காரணம் கிரீன்விச். ஆறரை மணிக்குக் கிளம்ப வேண்டியவள் படிவத்தில் அப்படியே ஆறரை என்று எழுதித் தொலைத்துவிட்டேன். ஐந்தரையைக் கழிக்கவில்லை. அதாவது நம் கணக்கில் மதியம் பன்னிரண்டு மணி. எண்கள் இரண்டும் மதியத்துக்குத்தான் வந்தன. மறுபடி அனுப்பினால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் விமானத்தை அர்ஷத் எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஐடி வேலையை விட்டுவிட்டு வந்து பறக்கக் கற்றுக்கொள்கிறவன். நல்ல பையன்தான், நேரம் தெரியாமல் நல்லவன்.

கப்பல் காலத்து வெள்ளைக்காரன் தன் ஊரில் ஒரு கோடு கிழித்தான் என்பதற்காக விருதுநகர்க்காரி ஐந்தரை மணி நேரத்தைத் தினமும் கழித்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று சாப்பாட்டு மேசையில் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். செல்வின் மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்டோபர் 9 முடிந்து இன்றோடு ஒரு மாதம். அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 10, திங்கள்

மழை. திட்டம் அனுப்பினேன், ஒரு தவறும் இல்லை. ரத்து.

நவம்பர் 12, புதன்

எட்டில் ஒன்று. காற்று இல்லை. பார்வைத் தூரம் எட்டுக் கிலோமீட்டர்.

எங்கள் பள்ளியில் நான்கு விமானங்கள். அவற்றின் பதிவு எழுத்துகள் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நான் எழுதியது பணிமனையில் நிற்கும் விமானத்தின் எழுத்தை. அதற்கு மூன்று வாரமாக எஞ்சினே கிடையாது. கழற்றி மேசைமேல் வைத்திருக்கிறார்கள். விமானப்படையும் தகவல் மையமும் அந்த எஞ்சின் இல்லாத விமானத்துக்கு முறைப்படி எண் கொடுத்துவிட்டன. கிளம்பும் நேரத்தில்தான் கட்டுப்பாட்டு அறையில் கண்டுபிடித்தார்கள். அவர்கள் சிரித்த சிரிப்பு எனக்கு ரேடியோ இல்லாமலே கேட்டது.

மனுஷி என்றால் தவறு செய்வாள். மாலையில் ராஜகனி போனியா என்று கேட்டார். மேகம் என்றேன். நிர்வாகச் சிக்கலை எல்லாம் கடைக்காரருக்கு விளக்க முடியாது.

நவம்பர் 13, வியாழன்

மழை. படிவம் அச்சடித்தது போல் இருந்தது. ரத்து.

நவம்பர் 16, ஞாயிறு

அறிக்கை அம்மாள் எட்டில் இரண்டு என்றார். எனக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. பொறுப்பான விமானி ஒரே வாயை நம்பக்கூடாது. தூத்துக்குடியில் கூப்பிட்டுக் கேட்டேன், தெளிவு என்றார்கள். சேலத்தில் கேட்டேன், தெளிவு என்றார்கள். சேலத்தில் இன்னொருவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். மாலையில் ஏற்காட்டுப் பக்கம் இடி இருக்கலாம் என்று அவர் இழுத்தார். நான் காலை ஒன்பதரைக்கெல்லாம் சேலம் போய்விடுவேன் என்பது வேறு விஷயம். ஆனால் இடி இடிதானே.

இத்தனை போனுக்கு நடுவில் படிவத்தில் எரிபொருள் கட்டத்தை நிரப்ப மறந்துபோனேன். திட்டம் திரும்பி வந்தது. நிரப்பி அனுப்புவதற்குள் என் நேரம் முடிந்துவிட்டது. மற்ற விமானிகள் நல்ல வானிலை கிடைக்கும்வரை ஒவ்வோர் ஊராகப் போன் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என்னை மாதிரி எச்சரிக்கையானவள் ஒருத்தி இருப்பது பள்ளிக்குப் பெருமைதான்.

நவம்பர் 19, புதன்

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. மூன்று நாளாக ஓடுதளம் ஏரி. கொக்குகள் மட்டும் எண் வாங்காமல் இறங்குகின்றன. மூன்று நாளும் திட்டம் அனுப்பினேன், மூன்றிலும் ஒரு தவறும் இல்லை. நன்றாகத் தூங்கினேன்.

நவம்பர் 23, ஞாயிறு

எட்டில் ஒன்று.

இன்று ஐந்தரை மணி நேரத்தைக் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிட்டேன். ஆறரையோடு ஐந்தரையைக் கூட்டிப் பன்னிரண்டு. நம் நேரப்படி அது சாயங்காலம் ஐந்தரை. எங்கள் பயிற்சி விமானம் இருட்டிய பிறகு பறக்க அனுமதி கிடையாது. சூரியன் மறையும் நேரத்தில் முந்நூறு மைல் கிளம்புகிறேன் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஐந்து நிமிடத்தில் அறிக்கை அம்மாளே என் செல்போனில் கூப்பிட்டார். சரிசெய்யச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஜெயராணி மேடம், நான் ரெஜிஸ்டரப் பாத்துட்டிருக்கேன். மழை பெஞ்ச நாள்ல நீங்க அனுப்புன ப்ளான் ஆறு. ஒரு எழுத்து தப்பில்ல. வானம் நல்லா இருந்தது நாலு நாளு. நாலுலயும் தப்பு."

நான் தற்செயல் என்றேன்.

"வெதர் பாக்குறதுதான் மேடம் என் வேல. இருபது நாளு ஒரே மாதிரி வந்தா அதுக்குப் பேரு தற்செயல் இல்ல."

போனை வைத்துவிட்டேன். இந்த அம்மாளுக்கு என்ன தெரியும்? குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வானத்தைக் கணினியில் பார்ப்பவர். ஒரு தடவையாவது தனியாக மேலே போயிருப்பாரா? தோசை பற்றி அவருக்குத் தெரியும், அடுப்பில் நிற்பவள் நான். மதியம் சாப்பிடவில்லை.

நவம்பர் 24, திங்கள்

திட்டம் அனுப்பவில்லை. மழையா என்று பார்க்கவும் இல்லை.

நவம்பர் 25, செவ்வாய்

சரி. எழுதிவிடுகிறேன்.

அக்டோபர் 9 அன்று பக்கத்திலேயே தனியாகப் பழகப் போனேன். சின்ன மேகம் என்று நினைத்து ஓரமாகப் போனதில் உள்ளே மாட்டிக்கொண்டேன். வெள்ளை. மேல் எது, கீழ் எது என்று உடம்புக்குத் தெரியவில்லை. விமானம் நேராகப் போகிறது என்று உடம்பு சத்தியம் செய்தது. கருவியோ இடது பக்கம் சாய்ந்து விழுந்துகொண்டிருக்கிறாய் என்றது. நான் உடம்பை நம்பினேன். நான்கு நிமிடம். வெளியே வந்தபோது பனைமரங்கள் பக்கவாட்டில் நின்றன. எப்படி நிமிர்த்தினேன் என்று தெரியாது. இறங்கியதும் பதிவேட்டில் "மேகம் தவிர்க்கப்பட்டது" என்று எழுதிவிட்டு டீ குடித்தேன். டம்ளரைக் கையில் எடுக்காமல் மேசையில் வைத்தே குடித்தேன்.

அன்றிலிருந்து பயம். அதுவும் காலை தெளிந்திருந்தால் இன்னும் பயம். படிவத்தில் வேண்டுமென்று தவறு செய்தேனா? சத்தியமாக இல்லை. ஆனால் தவறைப் பார்த்ததும் ஒவ்வொரு முறையும் எனக்கு உயிர் வந்தது. அதை இதுவரை எழுதவில்லை.

செல்வினிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அக்கா, உங்களுக்கு வேண்டாம்னா, தனியாப் போக நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிருதேன். பழி எம்மேல இருக்கட்டும். சொல்லட்டா?"

அவ்வளவு அழகான கதவு. திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. நாளைக்கே என்னைக் கூட்டிக்கொண்டு மேலே போ, கருவிகளை மட்டும் பார்த்துத் திரும்பச் சொல்லிக்கொடு என்றேன்.

நவம்பர் 26, புதன்

தூறலுக்கு நடுவில் ஒரு மணி நேரம் செல்வினோடு பறந்தேன். என் முகத்துக்கு மறைப்பு மாட்டிவிட்டு, கருவியை மட்டும் பார்த்துத் திரும்பு, திரும்பு என்று உயிரை எடுத்தான். இரண்டு முறை வாந்தி. மூன்றாவது முறை ஒழுங்காகத் திரும்பினேன். இறங்கியதும் தனியாகப் பறக்கும் அனுமதி அட்டையில் அவன் கையெழுத்துப் போட்டது என் தோள்மேல் அட்டையை வைத்து. நான் அசையவில்லை.

நவம்பர் 27, வியாழன்

மழை. வாசுகியைக் கூப்பிட்டு ஞாயிற்றுக்கிழமை போனை வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை, நாளைக் காலை தெளியும் என்றார். அதற்கடுத்து இந்த மாதத்தில் தெளியாது என்றும் சொன்னார்.

நவம்பர் 28, வெள்ளி

ஐந்து மணிக்குக் கூப்பிட்டேன். தூத்துக்குடி எட்டில் இரண்டு, பார்வைத் தூரம் ஆறு கிலோமீட்டர். சேலம் தெளிவு. மன்னார் வளைகுடாவில் தாழ்வு நிலை, மதியத்துக்குமேல்தான் கரைப்பக்கம் வரும். படிவத்தை எடுத்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன்: ஆறரையில் ஐந்தரை போனால் ஒன்று. எழுத்துகளை ஓடுதளத்தில் நிற்கும் விமானத்தின் வாலைப் பார்த்து எழுதினேன். எரிபொருள் ஆறு மணி நேரம். உயிர் ஒன்று. வாசுகி வாசித்துப் பார்த்துவிட்டு அப்படியே ஏற்றுக்கொண்டார். ஆறு பத்துக்கு இரண்டு எண்களும் வந்தன.

ஆறரைக்குக் கிளம்பினேன். எனக்கு இருபது நிமிடம் பின்னால் அர்ஷத், அவனும் தூத்துக்குடிக்கு. பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். கூடவே வந்தது. ஆனால் கையை ஆட்டவில்லை. வைகை தெரிந்தது, மானாமதுரை தெரிந்தது, கமுதியில் ஊரளவுக்குப் பரப்பிவைத்த சோலார் தகடுகள் வெயிலில் மின்னின. நான்காயிரம் அடியில் எனக்குப் பாட்டு வந்தது. யாரும் கேட்காத இடம் என்பதால் சத்தமாகவே பாடினேன்.

கமுதி தாண்டிப் பத்தாவது நிமிடம் எதிரே சாம்பல். முதலில் பஞ்சு பஞ்சாக, பிறகு சுவராக. இடம் வலம் இரண்டு பக்கமும் முடிவு தெரியவில்லை. என் தொடையில் கட்டியிருந்த தாளில் எட்டில் இரண்டு என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

இந்த இடத்தில் நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்வது? மாதம் முழுவதும் தெளிந்த வானத்தில் மழை பார்த்தவள் நான். என் கண்ணை நம்ப எனக்கே காரணம் இல்லை. திரும்பினால் தேர்வுகள் போயின, நாளை முதல் மழை. இது மேகமே இல்லை, வெறும் பயத்தில்தான் திரும்புகிறேன் என்றால், தேர்வு மட்டுமல்ல, பறப்பதே போயிற்று. அப்படியே இரண்டு நிமிடம் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன்.

கீழே சாலையில் ஒரு லாரி தெற்கே போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்தேன். சாம்பலுக்குள் போனது, காணவில்லை. என் பயம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஒரு லாரியை மறைக்காது.

வட்டமடித்துத் திரும்பினேன். ரேடியோவில் தகவல் மையத்தைக் கூப்பிட்டு, தரை வரை மேகம், நான் கீழக்கோட்டைக்குத் திரும்புகிறேன், பின்னால் வருபவருக்கும் சொல்லுங்கள் என்றேன். ரேடியோவில் ஆங்கிலம்தான் பேச வேண்டும். வாசுகியும் ஆங்கிலத்தில்தான், தூத்துக்குடி அறிக்கை எட்டில் இரண்டு என்கிறது என்றார். பிறகு விதியை மீறித் தமிழில் கேட்டார்.

"ஜெயராணி, மேகமா?"

"மேகந்தான் மேடம். என் கண்ணு முன்னாடி நிக்குது."

அடுத்த நொடியே அந்த வழியில் உள்ள எல்லா விமானங்களுக்கும் என் எச்சரிக்கையை வாசித்தார். அர்ஷத்தின் குரல் கேட்டது. மானாமதுரைக்கு மேலேயே திரும்பினான்.

ஏழு நாற்பதுக்கு இறங்கினேன். எட்டு மணிக்குத் தூத்துக்குடியின் புதிய அறிக்கை வந்தது. எட்டில் எட்டு, மேகம் நானூறு அடியில், கன மழை. தாழ்வு நிலை ஆறு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது. அர்ஷத் அறிக்கையை இரண்டு முறை படித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் இதுவரை மேகத்துக்குள் போனதே இல்லை. உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டான். அக்டோபர் 9 முழுவதையும் அவனுக்குச் சொன்னேன்.

மதியம் வாசுகி கூப்பிட்டார். என் எச்சரிக்கையை என் பெயரோடு பதிவேட்டில் ஏற்றிவிட்டதாகச் சொன்னார்.

"நீங்க சொன்னப்ப நான் ஒரு செகண்டு யோசிச்சேன் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க."

நான் இரண்டு நிமிடம் யோசித்தேன் என்றேன்.

நவம்பர் 29, சனி

மழை.

நவம்பர் 30, ஞாயிறு

மழை. தேர்வுகள் காலாவதி. காலையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் கடையில் கல்லாவுக்குப் பின்னால் புத்தகத்தை ஒளித்துவைத்துப் படித்து எழுதிய தேர்வுகள் அவை. பிறகு ராஜகனியிடம் இந்த மாதம் நடந்தது முழுவதையும் சொன்னேன், எஞ்சின் இல்லாத விமானம் உட்பட. அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். அப்புறம், மறுபடி எழுதுவாயா என்று மட்டும் கேட்டார்.

விண்ணப்பத்தைப் போட்டுவிட்டேன். பிப்ரவரியில் முதல் தாள் வானிலையியல். போன முறை தேர்ச்சிக்கு எழுபது, நான் வாங்கியது எழுபத்தொன்று. இந்த முறை கொஞ்சம் கூட வரும் என்று நினைக்கிறேன்.